இனந்தெரியாத நபர் என்றொரு உழைப்பாளி

அந்தப் பேப்பர் பக்கத்தைத் திருப்பாமல் ஒருக்கால் பிடியுங்கோ அக்கா. அதில்லை, மேல் மூலை. ‘இனந்தெரியாத நபர்களால் வாழைத்தோட்டம் வெட்டிச் சாய்ப்பு.’ பார்த்தீங்களோ? ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நான் நினைத்தேன், யுத்தத்தோடு இவரும் போய்ச் சேர்ந்திருப்பார் என்று.

சிரிக்கிறீங்கள். சிரியுங்கோ. ஒன்றரை வருடமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்தினவள் நான். என்னுடைய பெயர் யதுர்சிகா. கம்பஸில் ஊடகக் கற்கை, இப்போதுதான் முடித்தேன். என்னுடைய ஆய்வே இவரைப் பற்றித்தான். ‘போர்க்காலச் செய்திகளில் இனந்தெரியாத என்ற அடைமொழி.’ ஒரு சொல்லுக்கு ஒரு ஆய்வோ, அதைப் படித்து ஆர் உனக்கு வேலை தருவினம் என்று அம்மா கேட்டா. அம்மாவோடு அதற்கு ஒரு கிழமை சண்டை பிடித்தேன். நான் சண்டை பிடிக்கிற ஆள் அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த யன்னல் சீட்டே கொண்டக்டரோடு கதைத்து வாங்கினதுதான்.

நீங்களே யோசித்துப் பாருங்கோ. யுத்த காலத்தில் இந்த நாட்டில் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைத்த ஒரே ஆள் ஆர்? இனந்தெரியாத நபர்தான். லீவு எடுத்ததில்லை. ஊரடங்கு அவருக்கு இல்லை. சோதனைச் சாவடியில் எங்கட அம்மாவின் கைப்பையைக் கொட்டிக் கிளறினவர்கள் அவரை மட்டும் மறித்ததே கிடையாது. விடிய யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட அதிபரைச் சுடுவார், மத்தியானம் மட்டக்களப்பில் ஒரு கடைக்காரரைக் கடத்துவார். முதலில் சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள், கடைசியில் வெள்ளை வான். எவ்வளவு வடிவான பதவி உயர்வு! எல்லா இயக்கத்திலும் இருந்தார், எல்லா இராணுவத்திலும் இருந்தார். இப்போது பென்சன் எடுத்துக்கொண்டு வாழை வெட்டுகிறார்.

பகிடி இல்லை அக்கா. பழைய பேப்பர்களை எல்லாம் நூலகத்தில் இருந்து புரட்டினேன். தூசியில் மூக்கு அடைத்துப்போய், கண் சிவந்துபோய். எந்த வருடத்தை எடுத்தாலும் இவர்தான். செத்தவரின் பெயர் இருக்கும், வயது இருக்கும், எத்தனை பிள்ளைகளின் தந்தை என்று இருக்கும். சுட்டவன் மட்டும் இனந்தெரியாதவன். சுட்டவன் பின்னேரம் அதே சந்தியில் நின்று சோடா குடித்திருப்பான். ஊர் முழுக்கத் தெரியும். செய்தி கொண்டுபோன நிருபருக்குத் தெரியும். பேப்பருக்கு மட்டும் தெரியாது.

அந்த நாளில் ஒரு பேப்பரில் செய்தி ஆசிரியராக இருந்த பரஞ்சோதி என்பவரைத் தேடிப் பிடித்தேன். எந்தப் பேப்பர் என்று கேட்காதீங்கோ, சொல்லமாட்டேன். அவர்கள் வழக்குப் போடுகிற ஆட்கள், எனக்கு ஏன் வீண் வில்லங்கம்? பரஞ்சோதி ஐயா நல்ல உற்சாகமாகக் கதைத்தார். அப்போது கையால்தானே ஈய எழுத்துக் கோர்ப்பது. ஒவ்வொரு நாளும் அச்சடித்து முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அந்தந்தப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்களாம். ‘இனந்தெரியாத நபர்களால்’ என்றதை மட்டும் பிரிப்பதில்லையாம். கோர்த்தது கோர்த்தபடி நூலால் சுற்றிக் கட்டி ஒரு ஓரத்தில் வைத்திருப்பார்களாம். நாளைக்கும் தேவைப்படும் தானே என்று.

“வெக்கமாய் இல்லையோ ஐயா?” என்று கேட்டேன்.

“என்ன வெக்கம்? நேரம் மிச்சம் பிள்ளை,” என்றார். “நான் ஒரு நாள் பேரைப் போட்டிருந்தால், அடுத்த நாள் அந்த எழுத்துக் கட்டை எனக்குத்தான் எடுத்து வச்சிருப்பினம்.”

சொல்லிவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்களால்தான் நாடு இப்படிப் போனது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்தவ, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்விட்டா.

ஆய்வு என்றால் ஒரு சம்பவத்தையாவது அடிவரை தோண்ட வேண்டும் இல்லையோ? நான் எடுத்தது நாலு வரிச் செய்தி ஒன்று. எண்பதுகளின் கடைசி. பருத்தித்துறைப் பக்கம் ஒரு உபதபாலகம், அங்கே சிவகடாட்சம் என்று ஒரு தபாலதிபர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரை இனந்தெரியாத நபர்கள் சுட்டுக் கொன்றார்கள். ‘அவர்கள் பச்சை நிறத் துவிச்சக்கரவண்டியில் வந்ததாகத் தெரிகிறது.’ ஏன் அந்தச் செய்தியை எடுத்தேன் என்று இப்போது விளங்குதோ? சைக்கிளின் நிறம் பச்சை என்று ஆரோ வடிவாகக் கண்டிருக்கிறார்கள். சைக்கிளில் இருந்தவன் மட்டும் காற்று!

தபாலதிபரின் மனைவி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறா. தையல்நாயகி அம்மா. தனி ஆள், பிள்ளைகள் இல்லை. முழங்கால் இரண்டும் ஏலாது, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடப்பா. முதல்நாள் போனபோது என்னுடைய கேள்வி ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. “எந்த ஊர்? ஆரின்ரை பிள்ளை? சாப்பிட்டியோ?” இதுதான் திருப்பித் திருப்பி.

அந்த வளவின் வேலி பின்பக்கம் ஓடிப்போய்க் கிணற்றடியில் நிற்கும். கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்கும். பங்குக் கிணறு. பாதி இந்த வீட்டுக்கு, பாதி பக்கத்து வீட்டுக்கு. நான் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றடிக்கு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கை முழுக்கச் சீமெந்து. சீமெந்துக் கல் அச்சில் போட்டு அரிகிற தொழிலாம். கிருபாகரன் என்று பெயர். இரண்டு வாளி தண்ணீர் அள்ளி அம்மாவின் குசினி வாசலில் சத்தம் போடாமல் வைத்தார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. இந்தக் காலத்தில் அயலில் ஆர் அக்கா இப்படி?

“தங்கச்சி கம்பஸோ? என்ன ஆராய்ச்சி?” என்று கேட்டார்.

“யுத்த நேரம் பேப்பர்காரர் உண்மையை மறைச்சதைப் பற்றி அண்ணை.”

கையில் காய்ந்திருந்த சீமெந்தை உரசி உதிர்த்தார். “நல்லது பிள்ளை. எழுதத்தான் வேணும். ஒருத்தனும் எழுதேல்லை.”

அந்த ஊரில் எனக்கு விளங்குகிற மாதிரிக் கதைத்த முதல் ஆள் அவர்தான். அந்த வசனத்தை அப்படியே முன்னுரைக்கு வைத்துக்கொண்டேன்.

இரண்டாந்தரம் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. தையல்நாயகி அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் குடித்துக்கொண்டே ஏசத் தொடங்கிவிட்டேன்.

“பச்சைச் சைக்கிளைக் கண்டவைக்கு ஆளைக் காணத் தெரியேல்லையோ அம்மா? ஊர் முழுக்கப் பயத்தில வாயை மூடிக்கொண்டு இருந்திருக்குது. நீங்களும் சேர்த்தித்தான், குறை நினைக்காதேங்கோ.”

“எனக்குத் தெரியாதெண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

“தெரிஞ்சால் சொல்லியிருப்பீங்களே!”

“தேத்தண்ணியை ஆறவிடாமல் குடி,” என்றா. “அதுக்குத் தண்ணி அள்ளினவன்தான்.”

வாயில் இருந்ததை விழுங்குவதோ துப்புவதோ என்று தெரியாமல் அப்படியே இருந்தேன் அக்கா. அம்மா எழும்பி, பேணியில் சீனி கொண்டுவந்து, “இனிப்புக் காணுமோ?” என்று கேட்கிறா!

“அவன் அள்ளுற தண்ணியையோ நீங்கள் குடிக்கிறீங்கள்?”

“குடிக்கிறன், குளிக்கிறன், சாமிக்கும் வைக்கிறன்.”

பிறகுதான் வாயைத் திறந்தா. அந்த நாளில் இயக்கம் என்று ஒன்றா இரண்டா, அவன் இப்போது ஒருத்தருக்கும் பெயர் நினைவில்லாத ஒன்றில் இருந்தானாம். மீசை அரும்பின வயது. தபாலதிபர் கடிதங்களை ஆமிக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்று ஆரோ கதை கட்ட, இவனை அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சைக்கிள் இவன் தகப்பனுடையது. அம்மா ஒழுங்கைப் படலையில் நின்றுகொண்டிருந்தவ. எல்லாவற்றையும் கண்டவ.

“அந்தியேட்டிச் சடங்கு முடிஞ்சு மற்ற நாள் விடிய, கிணத்தடியில கப்பிச் சத்தம் கேட்டுது. போய்ப் பார்த்தால் குசினி வாசல்ல ரெண்டு வாளி. நான் கேக்கேல்லை. ஒருநாளும் கேட்டதில்லை. அவன்ரை இயக்கமும் கலைஞ்சு போச்சு, கலியாணமும் கட்டினான், பிள்ளையளும் பெத்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தம். அப்பவும் வந்து அள்ளினான். காய்ச்சலெண்டால் துவாயைச் சுத்திக்கொண்டு வந்து அள்ளுவான். நான் நன்றி சொல்லுறேல்லை. வாசல்ல நிண்டு முகத்தைப் பார்ப்பன். அவன் நிமிரமாட்டான்.”

“பொலிஸில சொல்லியிருக்கலாமே அம்மா! ஆணைக்குழுக்கள் எத்தினை வந்தது!”

“சொன்னால்? இல்லையெண்டுவான். இல்லாட்டி ஓமெண்டுவான். ஓமெண்டிட்டுக் காரணம் சொல்லுவான். மேலிடத்து உத்தரவு எண்டுவான், சின்ன வயசு எண்டுவான். இவர் காட்டிக் குடுத்தவர்தான் எண்டும் சொல்லுவான். நாலுபேர் கூடி நிண்டு, அது சரியோ பிழையோ எண்டு இவரை வச்சு விவாதம் நடத்துவினம், உன்னை மாதிரி. இப்ப அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்காத கேள்விக்கு அவன் என்னெண்டு மறுமொழி சொல்லுறது? வாயை மூடிக்கொண்டு அள்ளட்டும்.”

பிறகு என் கையைப் பிடித்தா. “அவன்ரை பேரைப் போட்டிடாதை பிள்ளை. பேப்பர்க்காரர் அறியாமல் எனக்குச் செய்த ஒரேயொரு உதவி அது.”

“யோசிப்பம் அம்மா” என்றேன். யோசிப்பம் என்றால் யோசிப்பம். அது சத்தியம் இல்லைத்தானே அக்கா? பிறகு எல்லாரும் நான் சத்தியம் பண்ணிக் கொடுத்த மாதிரிக் கதைக்கிறார்கள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம்! ஒடுக்கப்பட்டவர்கள் ஒடுக்குமுறையோடு எப்படிப் பழகிப்போகிறார்கள் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், நேரில் கண்டது அன்றுதான். ‘உள்வாங்கப்பட்ட மௌனம்’ என்று தலைப்புப் போட்டு அப்படியே ஒரு அத்தியாயம் எழுதினேன். எங்கட விரிவுரையாளர் சேருக்கு நல்லாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் கிருபாகரனின் பெயர் வந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்.

“ஒரு பக்கக் கதை மட்டும் போதாது,” என்றார். “மற்றப் பக்கத்தையும் கேக்கோணும். இல்லாட்டிப் பேரை எடுத்துப்போட்டு, வழமையாப் போடுறதைப் போடுங்கோ.”

வழமையாகப் போடுவது! அந்தச் சொல்லை நாறடிக்க எழுதின ஆய்வில் அதே சொல்லைப் போடட்டாம். செத்தாலும் போடேன் என்று நினைத்துக்கொண்டு, பஸ் ஏறி, நேரே கிருபாகரனின் கல் அரிகிற இடத்துக்குப் போனேன். பயமோ? எனக்கேன் பயம்? கையில் போனைப் பிடித்து, ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, நேருக்கு நேரே கேட்டேன்.

“தபாலதிபர் சிவகடாட்சத்தைச் சுட்டது நீங்கள்தானே?”

நான் நினைத்தேன், அடிக்க வருவார், இல்லை என்று குதிப்பார். மனிசன் காயவைத்த கல் அடுக்கின் மேலே தொப்பென்று இருந்தார். சீமெந்துக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னதைக் கேளுங்கோ:

“இவ்வளவு காலத்துக்கு நீர்தான் கேட்டிருக்கிறீர் பிள்ளை. ஒருத்தர் கேக்கமாட்டினமோ, ஒருத்தர் கேக்கமாட்டினமோ எண்டு இருந்தன்.”

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி. மேலிடத்து உத்தரவு என்றார். சின்ன வயது, சொன்னதைச் செய்தேன் என்றார். தபாலதிபரில் பிழை இருந்ததாகத்தான் அன்றைக்குச் சொன்னார்கள், இருந்ததோ இல்லையோ கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். அழுதார், மூக்கைச் சிந்தினார், திரும்பத் தொடங்கினார். என்னுடைய போனில் சார்ஜ் முடிந்துவிட்டது, அவருக்கு முடியவில்லை.

“என்ர பேரைப் போடுங்கோ. முழுப்பேரையும் போடுங்கோ. இண்டைக்குத்தான் எனக்கு மூச்சு வந்த மாதிரி இருக்குது.”

நான் வென்றுவிட்டேன் அக்கா! சொல்லுங்கோ, எந்தப் பேப்பர்காரனால் முடிந்தது இது? அத்தனை வருடம் நூலால் கட்டி வைத்திருந்ததை நான் ஒரு பின்னேரத்தில் அவிழ்த்துவிட்டேன்.

ஆய்வுக்கு நல்ல புள்ளி வந்தது. சேர் அதை ஒரு பேப்பர்காரருக்குச் சொல்ல, அவர்கள் வந்து கிருபாகரனைப் பேட்டி எடுத்தார்கள். படத்தோடு அரைப் பக்கம். பிறகு யூடியூப்காரர், பின்னணியில் சோகமாக வயலின் எல்லாம் போட்டு. கீழே கருத்துச் சொன்னவர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமோ? ‘இவர்தான் மனிதன்.’ ‘கண்கலங்கிவிட்டது.’ கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் கைகூப்பின படம் படமாக வந்து விழுந்தது. ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த நாள் செய்தி: ‘உண்மையை உரைத்த துணிச்சல்மிகு கிருபாகரனுக்குக் கௌரவம்.’ துணிச்சல்மிகு! பாருங்கோ, இவர்களுக்கு எப்போதும் கைக்கெட்டின தூரத்தில் ஒரு சொல் தயாராக இருக்கிறது. என்னுடைய பெயர் மட்டும் வரவில்லை. ‘பல்கலைக்கழக மாணவி ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள். போன் எடுத்து ஏசினேன், விடுவேனோ?

அந்தக் கூட்டத்தில் கிருபாகரன் நல்லாகத்தான் கதைத்தார் என்று சொன்னார்கள். ‘என் கணக்கை ஊர் முன்னால் தீர்த்துவிட்டேன், இனி நிம்மதியாகச் சாவேன்’ என்றாராம். கைதட்டலாம். தன்னுடைய பங்குக்குக் கிணற்றில் மோட்டர் பூட்டிவிட்டார், குழாய் நேரே அவர் வீட்டுக்குள் போகிறது, வாளியோடு கிணற்றடிக்கு வருவதே இல்லை. தையல்நாயகி அம்மாவுக்கும் தன் செலவில் ஒரு குழாய் இழுத்துத் தருவதாக மேடையில் அறிவித்தாராம். அதற்கும் கைதட்டல். அம்மா வேண்டாம் என்றுவிட்டா. வேலைக்கு வந்த பொடியனைப் படலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டா. இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறவைக்கு ஆர் என்ன செய்ய முடியும்?

நேற்றுத்தான் போனேன். கட்டின ஆய்வுப் பிரதி ஒன்றும் அந்தப் பேப்பரும் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ஒரு கௌரவம்தானே என்று. படலையில் நின்று கூப்பிட்டேன், சத்தம் இல்லை. பின்பக்கம் போனால், அம்மா கிணற்றுக் கட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் கயிறு இழுக்கிறா. இரண்டு சாண் இழுப்பா, நிற்பா. வாளி கிணற்றுச் சுவரில் மோதி மோதிப் பாதித் தண்ணீர் உள்ளேயே கொட்டுகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் மோட்டர் ‘உம்’ என்று இரைந்துகொண்டிருக்கிறது.

“குழாயை ஏன் அம்மா வேண்டாமெண்டனீங்கள்?”

அம்மா இன்னும் இரண்டு சாண் இழுத்தா. சரி, வாசித்துக் காட்டுவோம் என்று பேப்பரை விரித்து முழுதாக வாசித்தேன். அம்மா கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றா. முடிந்ததும், “இவரின்ரை பேர் எங்கை?” என்று கேட்டா.

“ஆரின்ரை?”

“இவரின்ரை.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். ‘அக்காலத்தில் தபாலதிபர் ஒருவர் கொல்லப்பட்ட சம்பவம்’ என்று மட்டும் இருந்தது. அது பேப்பர்காரரின் பிழை இல்லை அக்கா, உள்ளதைச் சொல்லவேண்டும். என்னுடைய ஆய்வில் இருந்துதான் எடுத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக்கூடாது, அது ஆய்வு அறம். நான் ‘தபாலதிபர் அ’ என்றுதான் முழுக்க எழுதினேன். கிருபாகரன் சம்மதம் தந்தவர், அவர் பெயரைப் போடலாம். சிவகடாட்சம் சம்மதம் தரவில்லையே, அவர்தான் உயிரோடு இல்லையே! இதை அம்மாவுக்கு ஆறுதலாக, படிப்படியாக விளங்கப்படுத்தினேன். பாதுகாப்புக்காகத்தான் அம்மா, உங்கட நன்மைக்காகத்தான் அம்மா என்று. ‘அ’ என்ற எழுத்து வந்த பக்கத்தைத் திறந்தும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் வாசிக்க ஏலாது என்றுவிட்டா.

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. நான் கல் மனசுக்காரி இல்லை. கயிற்றை வாங்கி நானே அள்ளினேன். பழக்கம் இல்லாத கை, பாருங்கோ, இன்னும் சிவந்திருக்கிறது. இரண்டு வாளியும் தளும்பத் தளும்ப நிரப்பி, சட்டையெல்லாம் நனைந்து, கொண்டுபோய்க் குசினி வாசலில் வைத்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து வாசலில் நின்றா. வாளிகளைப் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

“நாளைக்கும் வருவியோ?” என்று கேட்டா.

நீங்களே ஒரு ஞாயத்தைச் சொல்லுங்கோ அக்கா. இது கொழும்பு பஸ். நாளைக்கு விடிய எனக்கு அங்கே ஒரு பத்திரிகையில் நேர்முகம். அந்த மனிசிக்கு நான் என்னதான் மறுமொழி சொல்லியிருக்கோணும்?